பாஸ்வேர்டு போட்டால் போதுமா?

"காலையில எழுந்தா வயித்து வலிங்கறான்க்கா. ஸ்கூலுக்கு லீவு போட்டா, பத்து மணிக்கெல்லாம் சரியாயிடுது" என்று அலுத்துக்கொண்டார் பக்கத்து பிளாட் பெண்மணி. பையனுக்குப் பதினோரு வயது. டாக்டரிடம் காட்டியாயிற்று. வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை.

கோளாறு கம்ப்யூட்டரில் இருந்தது! ஆன்லைன் விளையாட்டில் சிநேகிதமான யாரோ ஒருவன், முதலில் இலவசமாக 'காயின்' கொடுத்திருக்கிறான். அப்புறம் எந்த ஸ்கூல், வீடு எங்கே என்று விசாரணை. கடைசியில் போட்டோ அனுப்பு என்று நச்சரிப்பு, மிரட்டல். பையன் அனுப்பவில்லை. ஆனால் இரண்டு வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏன்டா என்று கேட்டதற்கு, "சொன்னா அம்மா நெட்டைக் கட் பண்ணிடுவாங்க!"

இத்தனைக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு உண்டு. அம்மாவின் விரல் போகிற போக்கைப் பார்த்தே கண்டுபிடித்து விட்டான். (நம் பிள்ளைகளின் ஞாபக சக்தி பரீட்சையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வேலை செய்யும்.)

அதற்காகப் பூட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால், குழந்தைக்குத் தனியாக ஓர் அக்கவுன்ட் திறந்து கொடுங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' அதிகாரம் உங்களிடமே இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி என்ற இலவச வசதியில் எத்தனை மணி நேரம், எந்தெந்த வெப்சைட் என்று வரையறுக்கலாம். அதன் வடிகட்டி எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும் என்பதை மறக்க வேண்டாம். வைஃபை ரௌட்டரில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 1.1.1.3 என்று போட்டால், ஆபாச தளங்கள் வீட்டிலுள்ள எல்லா கருவிகளிலும் பெரும்பாலும் தடைபடும். இது கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020-ல் தொடங்கிய இலவச சேவை. கேபிள்காரரிடம் சொன்னால் செய்து கொடுத்து விடுவார்.

ஆனால் அப்பாவின் செல்போன் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தால் இந்த ரௌட்டர் பூட்டு அம்பேல்! தவிர, மேலே சொன்ன ஆசாமி ஆபாச தளம் எதிலும் இல்லை. சாதாரண விளையாட்டுக்குள் உட்கார்ந்திருந்தான். எந்த வடிகட்டியும் அவனைப் பிடித்திருக்காது. பையன் வாய் திறந்திருந்தால்தான் உண்டு.

ஆகவே இன்றைக்கே பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வாக்குறுதி கொடுங்கள்: "எது வந்தாலும் எங்கிட்ட சொல்லு. திட்ட மாட்டேன், நெட்டையும் பிடுங்க மாட்டேன்." சொன்னபடி நடந்துகொள்வதுதான் கஷ்டம். குழந்தை வந்து சொல்லும்போது நம் முகம் மாறினாலே போதும், அடுத்த முறை வராது. மிரட்டல் வந்திருந்தால், மெசேஜை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பிறகு அந்த ஆளை பிளாக் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098; இருபத்துநாலு மணி நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.

அந்தப் பெண்மணியும் 1098-ஐத்தான் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் இப்போது படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வந்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு ரௌட்டர் ஆஃப், அப்பாவுக்கும் சேர்த்து. "பாட்டி சீரியல் சத்தத்துல விளையாடவே முடியல ஆன்ட்டி" என்று என்னிடம் புகார் செய்கிறான் பையன்.

வயிற்று வலியா? கணக்கு டெஸ்ட் அன்றைக்கு மட்டும் வருகிறதாம்.