வேல்ஸ் நாட்டுச் சிற்றூர்களில் இளமை: நினைவெழுத்தும் மொழியும்

தன்வரலாற்று இலக்கியத்தில் இளம்பருவ நினைவுகளுக்கெனத் தனியிடம் உண்டு. ஆயின் அவற்றைக் கழிந்த காலத்தை எண்ணி ஏங்கும் எழுத்தாகக் கொள்வதே பெருவழக்கு. பிரித்தானியத் தீவின் மேற்கே அமைந்த வேல்ஸ் நாட்டின் சிற்றூர்களில் வளர்ந்து, தம் இளமையை வெல்ஷ் மொழியிலேயே எழுதியோரின் நூல்களுக்கு அக்கணிப்புப் பொருந்தாது. அவற்றுள் ஏக்கம் இல்லாமலில்லை. ஆனால் சான்றுரைக்கும் நோக்கமே மேலோங்கி நிற்கின்றது. 1901ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி வேல்ஸ் மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வெல்ஷ் மொழி பேசினர். 2021இல் அவ்வெண்ணிக்கை 17.8 விழுக்காடாகக் குறைந்தது. இவ்விரு கணக்குகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்தவையே இந்நூல்கள் என்பதை மனத்திற்கொண்டு அவற்றை அணுகுதல் வேண்டும்.

இவ்வகை எழுத்துக்கு முன்னோடியாக ஓ. எம். எட்வர்ட்சைக் குறிப்பிடலாம். வட வேல்சில் பாலா ஏரியை அடுத்த லானியூக்லின் என்னும் சிற்றூரில் 1858இல் பிறந்தவர் அவர். ‘நினைவின் மணிகள்’ எனப் பொருள்படும் தலைப்பில் அவர் 1906இல் வெளியிட்ட நூலில் இடம்பெறும் பள்ளி நினைவு, இன்றளவும் வெல்ஷ் மக்களிடையே பெரிதும் எடுத்துக்காட்டப்பெறுவது. பள்ளியில் வெல்ஷ் பேசிய சிறுவனின் கழுத்தில் ஒரு மரத்துண்டு கயிற்றில் கோத்து மாட்டப்படும். அவன் வெல்ஷ் பேசும் மற்றொருவனைக் கேட்டுக் காட்டிக்கொடுத்தால் அது அவன் கழுத்துக்கு மாறும். நாள் முடிவில் யார் கழுத்தில் அது கிடக்கின்றதோ அவனுக்கே பிரம்படி. எட்வர்ட்சுக்கு ஆங்கிலம் தெரியாது; எனவே அத்துண்டு நாள்தோறும் எங்கெங்கோ சுற்றித் தம் கழுத்தையே வந்தடைந்தது என்கிறார். வேறொருவன் கழுத்துக்கு அதனை மாற்ற ஒருபோதும் முயலவில்லை என்பதே பிற்காலத்தில் தமக்கு ஆறுதல் என்றும் எழுதுகிறார். தண்டனையின் வலியைவிட, தோழனை ஒற்றுக் கேட்கத் தூண்டிய அம்முறையின் இழிவே அவர் நினைவில் ஆழப் பதிந்தது எனலாம்.

இம்முறை எந்தச் சட்டத்தாலும் விதிக்கப்பட்டதன்று. ஆசிரியர்கள் தாமே கையாண்டது. ஆங்கிலம் அறிந்தாலன்றிப் பிள்ளைகளுக்கு எதிர்காலம் இல்லையென நம்பிய பெற்றோர் பலரின் இசைவும் அதற்கு இருந்தது. மொழியிழப்பை அயலார் சூழ்ச்சியாக மட்டும் காண விழைவோர் இவ்வுண்மையையும் கருதுதல் வேண்டும். அடிபட்ட அச்சிறுவன் 1907இல் வேல்ஸ் கல்வித்துறையின் முதல் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்று, பள்ளிகளில் வெல்ஷ் மொழிக்கு இடம்தர வற்புறுத்தினார்.

பள்ளி மறுத்ததை வழங்கியது தேவாலயம். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளில் பிள்ளைகளும் முதியோரும் வெல்ஷ் மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றனர்; மறைநூல் அடிகளை மனனம் செய்து அவையில் ஒப்பித்தனர். வேல்ஸ் இளமை நினைவுகளில் தேவாலயம் இத்துணை இடம்பெறுவதற்குச் சமயப்பற்று மட்டும் காரணமன்று. சிற்றூர்ப் பிள்ளை தன் வீட்டு மொழியை அச்சில் கண்ட இடம் அதுவே.

அடுத்துக் குறிப்பிடத்தக்கவர் டி. ஜே. வில்லியம்ஸ் (1885–1970). தென்மேற்கு வேல்சின் ரிட்கமேரை என்னும் ஊரை அடுத்த மலைப்பண்ணையில் பிறந்தவர். ‘பழைய பண்ணை வீடு’ என்னும் அவரது நூல் 1953இல் வெளிவந்தது. அறுபது வயதைக் கடந்த ஒருவர், தம் வாழ்வின் முதல் ஆறாண்டுகளை நடுவாக வைத்து ஒரு நூல் முழுதும் எழுதியிருக்கிறார். அதற்குரிய செய்தி எங்கிருந்து வந்தது? ‘சதுர மைல்’ என்னும் கருத்திலிருந்து. ஒருவன் பிறந்து நடைபயின்ற இடத்தைச் சுற்றியுள்ள சிறு நிலப்பரப்பையே இத்தொடர் குறிக்கும். அப்பரப்பினுள் எந்தப் பண்ணையில் யார் வாழ்ந்தார், அவர் யாருக்கு உறவு, எப்படிப் பேசுவார் என்பனவெல்லாம் பிள்ளைக்குத் தெரியும். வேல்சில் ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ் முதலிய சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வருதலால், ஒருவரைப் பண்ணையின் பெயராலோ தொழிலாலோ அடையாளங்காட்டுதல் ஊர்வழக்கு. மாங்குடி மருதனார் என்று ஊரைப் பெயரோடு சேர்த்து வழங்கிய மரபினருக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. அங்கே பண்ணை அழிந்தால் ஆளின் பெயரிலும் பாதி அழிகின்றது. அப்பகுதியின் பண்ணை நிலங்கள் பல, பின்னாளில் அரசின் வனத்துறை ஆணையத்தால் ஊசியிலைக் காடுகளாக மாற்றப்பட்டன. வில்லியம்ஸ் ஊரையும் உறவையும் இவ்வளவு விரிவாக எழுதிவைத்தமைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கேட் ராபர்ட்ஸ் (1891–1985) காட்டும் இளமை வேறுவகையினது. அவர் பிறந்த ரோஸ்கட்வன், வடமேற்கு வேல்சில் கடலை நோக்கிய மலைச்சரிவில் உள்ள ஊர். ஆண்கள் கற்பலகைச் சுரங்கங்களில் உழைத்தனர். கூலி போதாமையால், சில மாடுகளும் பன்றியும் கோழிகளும் கொண்ட சிறுநிலத்தையும் குடும்பத்தினர் பேணினர். 1960இல் வெளிவந்த ‘வெண்பாதை’ என்னும் நூலில் இவற்றையெல்லாம் அவர் மிகச் சிக்கனமான சொற்களில் பதிவுசெய்கிறார். வறுமையை அழகுபடுத்துவதுமில்லை, அதற்காகக் கண்ணீர் வடிப்பதுமில்லை. பெற்றோரின் ஓயாத உழைப்பும் அயலாரின் உதவியும் பிள்ளைகளின் விளையாட்டும் ஒரே குரலில் சொல்லப்படுகின்றன. அவருடைய இளைய தம்பி முதல் உலகப்போரில் காயமுற்று 1917இல் இறந்தார். தம் வாழ்வில் முதன்மையானவை யாவும் அவ்வாண்டுக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டன என்று அவர் கூறுவதை நோக்கின், நூலின் இறுக்கமான நடைக்குக் காரணம் புலப்படும். என் மதிப்பீட்டில், இங்குக் குறிப்பிடப்பெறும் நூல்களுள் தலையாயது இதுவே.

மகிழ்ச்சியான வழக்கங்களும் உண்டு. புத்தாண்டுக் காலையில் பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று பாடி, காசும் தின்பண்டமும் பெறுவர். மூன்று குச்சிகளைக் காலாக ஊன்றி, பசுந்தழை செருகிய ஆப்பிள் ஒன்றைச் சிலர் கையில் ஏந்திச் செல்வர். நண்பகலுக்குள் பாடிமுடித்தல் வேண்டும். பிந்தி வந்தவனுக்கு ஒன்றும் கிட்டாது.

இத்தகைய ஒளி மிக்க காட்சிகளுக்கு மறுபக்கத்தைக் காட்டியவர் கரடோக் பிரிச்சர்ட். அவர் 1904இல் பெதஸ்தா என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். பிறந்த சில மாதங்களிலேயே தந்தை சுரங்க விபத்தில் மாண்டார்; தாய் பின்னர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவ்வூர் 1900 முதல் 1903 வரை நீடித்த சுரங்க வேலைநிறுத்தத்தால் இரண்டுபட்டிருந்தது. ‘இவ்வீட்டில் துரோகி எவரும் இல்லை’ என்ற அட்டைகள் பல வீட்டுச் சன்னல்களில் வைக்கப்பட்டிருந்தன. 1961இல் அவர் வெளியிட்ட ‘ஒரு நிலவொளி இரவு’ தன்வரலாறு அன்று, நாவல். எனினும் அவ்வூரில் கழிந்த இளமையை அறிய விரும்புவோர் அதனைத் தவிர்க்க இயலாது.

இந்நூல்கள் வெளிவந்த அதே காலத்தில், ஓர் ஊரே நினைவாக மாறிக்கொண்டிருந்தது. லிவர்பூல் நகருக்கு நீர்தேக்கும் பொருட்டு, டிரவெரின் பள்ளத்தாக்கில் இருந்த கப்பெல் கெலின் என்னும் வெல்ஷ் மொழிச் சிற்றூரை நீரில் மூழ்கடிக்க 1957இல் சட்டம் இயற்றப்பட்டது. வேல்ஸ் நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் அதனை ஆதரித்து வாக்களிக்கவில்லை. அதற்கு முன்பே, 1956இல் ஊர்மக்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் சென்றனர், பயனில்லை. 1965இல் பள்ளி, தேவாலயம், அஞ்சலகம், வீடுகள், பண்ணைகள் ஆகியன நின்ற இடம் நீரடியில் மறைந்தது. லிவர்பூல் நகரமன்றம் 2005இல் வருத்தம் தெரிவித்தது. அன்று அங்கே பிள்ளைகளாக இருந்தோர் தம் பேரப்பிள்ளைகளுக்கு வீட்டையும் வயலையும் கைகாட்டிப் பெயர்சொல்ல இயலாது, ஏரியைத்தான் காட்டமுடியும். நீர்மட்டம் மிகத் தாழும் வறட்சியாண்டுகளில் மட்டும் பழைய சுவர்களின் அடிப்பகுதிகள் வெளிப்படுகின்றன.

வெல்ஷ் அறியாதோர் வில்லியம்ஸ், ராபர்ட்ஸ், பிரிச்சர்ட் ஆகிய மூவரின் நூல்களையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கலாம். வில்லியம்சின் நூலை மொழிபெயர்த்தவர் வால்டோ வில்லியம்ஸ் என்னும் கவிஞர். ராபர்ட்சின் நூலை மொழிபெயர்த்தவர் கில்லியன் கிளார்க் என்னும் கவிஞர். வகுப்பறையில் பயன்படுத்த எண்ணும் ஆசிரியர்கள் ‘வெண்பாதை’யிலிருந்து தொடங்குவது நன்று.