ஆம், நான் சொல்வதைச் செய்!

2021 நவம்பரில், கனடா யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் மென்பொருளை நிறுவப் போனார். விளையாடுவதற்குத்தான். திரையில் சரசரவென்று வரிகள் ஓடி, கடைசியில் ஒரு கேள்வி வந்து நின்றது. தீங்கு நேரக்கூடிய ஒன்றைச் செய்யப் போகிறீர்கள், தொடர வேண்டுமென்றால் 'எஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று தட்டச்சு செய்யுங்கள் என்றது. அவரும் தட்டினார். டெஸ்க்டாப்பே போய்விட்டது, மிஞ்சியது கறுப்புத் திரையும் வெறும் எழுத்தும்.

'அதுதான் சொல்லிச்சே, படிக்க வேண்டாமா?' என்று பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகலில் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மாலையில் கட்டற்ற மென்பொருள்கள் பயனரிடம் கேட்கும் கேள்விகளின் ஆங்கிலத்தைத் திருத்துகிறேன். காசு கிடையாது. அந்த எச்சரிக்கை ஆபத்து என்றது, போகப்போவது எது என்று சொல்லவில்லை. நீக்கப்படும் பேக்கேஜ்களின் பெயர்கள் மேலே இருந்தன, வாஸ்தவம். விளையாட வந்தவர் அந்தப் பெயர்க் கூட்டத்தில் தன் டெஸ்க்டாப்பை எப்படி அடையாளம் காண்பார்?

இதையும் பாருங்கள். டெபியன் என்ற லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை அடியோடு நீக்கினால், 'எல்லா மைஎஸ்க்யூஎல் தரவுத்தளங்களையும் நீக்கவா?' என்று கேட்கும். எந்த ஃபோல்டர் அழியப்போகிறது என்று கீழே இருக்கும். புதிய பதிப்பைப் போடத்தான் பழையதை எடுக்கிறீர்கள் என்றால் தரவு இருக்கட்டும் என்றும் சொல்லும். நள்ளிரவில் சர்வரோடு மல்லுக்கட்டும் ஆளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

டெபியனில் இப்படிக் கேள்வி கேட்பதற்கென்றே டெப்கான்ஃப் என்ற கருவி இருக்கிறது. அதன் வாசகங்களைக் கையில் எடுத்தால் முதலில் 'நான்' போகும். கணினி தன்னைப் பற்றிப் பேசக் கூடாது. அடுத்து, 'எஸ் என்று பதில் சொன்னால்' போகும். இதற்குத்தான் புதிதாக வருபவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரே கேள்வி ஒருவருக்கு எழுத்துத் திரையில் வரும், இன்னொருவருக்கு டிக் அடிக்கும் கட்டமாக வரும். கட்டத்தில் 'எஸ்' எங்கே இருக்கிறது?

காற்புள்ளி விஷயத்தில் நான் கறார். அதற்கு ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒவ்வொரு தமிழ் வரியும் அதன் ஆங்கில மூல வரியோடு கட்டிப்போட்டிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு புள்ளி மாறினாலும் தமிழ் வரியின் தலையில் 'ஃபஸி' என்று முத்திரை விழுந்துவிடும். யாராவது சரிபார்த்து முத்திரையை எடுக்கும்வரை பயனர் கண்ணில் படுவது ஆங்கிலம்தான். ஒரு நீளமான வாக்கியத்தில் காற்புள்ளி சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். அடுத்த பதிப்பில் பார்த்தால், நானே ராத்திரி உட்கார்ந்து செய்த தமிழ் வரியைக் காணோம். மற்ற மொழிக்காரர்களுக்கும் அதே கதி. இலக்கணம் என்னவோ சுத்தமாக இருந்தது. இப்போதெல்லாம் அர்த்தம் மாறாத திருத்தமென்றால், முத்திரையை எடுத்துவிட்டு வெளியிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

லைனஸ் கதைக்குப் பிறகு, அந்தக் கேள்வியைக் கேட்ட ஆப்ட் கருவியையே மாற்றினார்கள். 2.3.12 பதிப்பிலிருந்து அது வேறொன்றை நிறுவுவதற்காக அத்தியாவசிய பேக்கேஜ்களைத் தூக்கப் பார்ப்பதில்லை. வார்த்தையால் ஆகாததை நிரலால் சரிசெய்தார்கள். ஆங்கிலம் திருத்துகிறவன் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த 'எஸ், டூ ஆஸ் ஐ சே!' வரியும் மொழிபெயர்ப்புக்கு உரியதுதான். நிரலில் அதற்கு மேலே மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு குறிப்பு இருக்கும்: பயனர் இதைத் தட்டச்சு செய்தாக வேண்டும், கஷ்டமான எழுத்துகளைப் போட்டுவிடாதீர்கள். தமிழில் போட்டுப் பார்த்தேன். 'ஆம், நான் சொல்வதைச் செய்!' கணினிக்கு 'செய்' போதும், 'செய்யுங்கள்' வேண்டாம் என்றும் தீர்மானித்தாயிற்று. வெறும் கறுப்புத் திரையில் 'ஆ'வன்னாவை எந்த விசையில் தேடுவார் பாவம், அந்த மனுஷன்?