ஒரே தொகுதி, மூன்று வேகம்

தனிம அட்டவணையின் 10ஆம் தொகுதியில் நிக்கல், பல்லேடியம், பிளாட்டினம் மூன்றும் மேலிருந்து கீழாக அடுத்தடுத்து நிற்கின்றன. பினாங்கின் தொழில்களில் மூன்றுக்கும் வேலை இருக்கிறது. பிறையில் ஐஓஐ ஆசிட்கெம் போன்ற ஆலைகள் ஈடுபட்டுள்ள கொழுப்பு அமிலத் தொழிலுக்கு நிக்கல் வேண்டும். 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலத்தின் ஆலைகள் கையாளும் மின்சுற்றுப் பலகைகளுக்குப் பல்லேடியமும், எல்.இ.டி. விளக்குகளுக்குப் பிளாட்டினமும் வேண்டும். வேலைகள் இப்படிப் பிரிந்ததற்குக் காரணம், பிற மூலக்கூறுகளைப் பற்றும் இறுக்கத்திலும் விடும் வேகத்திலும் இம்மூன்றும் வேறுபடுவதுதான்.

இவற்றின் +2 அயனியில் டி ஆர்பிட்டால்களில் எட்டு எலக்ட்ரான்கள் உள்ளன. அயனியைச் சுற்றி நான்கு ஈனிகள் (அதோடு இணையும் மூலக்கூறுகள் அல்லது அயனிகள்) ஒரு சதுரத்தின் மூலைகளில் அமர்கின்றன. நிக்கல் மட்டும் ஈனியைப் பொறுத்து நான்முகி வடிவத்தையும் ஏற்கும். சதுர அமைப்பில் உலோகத்துக்குக் கிடைப்பவை 16 எலக்ட்ரான்கள். நிறைவுக்கு வேண்டியவை 18. அதனால் சதுரத்தின் மேலும் கீழும் இடம் திறந்திருக்கிறது. புதிய மூலக்கூறு அவ்வழியே வந்து ஒட்டுகிறது, பழைய ஈனி ஒன்று விலகுகிறது. வினையூக்கத்தின் அடிப்படை இந்த வரவும் விலகலுமே.

ஈனிகள் சூழ்ந்த இத்தகைய உலோகச் சேர்மமே அணைவு. ஒரே வகை அணைவுச் சேர்மத்தில் குளோரைடை நீக்கிப் பிரிடின் அமரும் வேகம் மூன்று உலோகங்களுக்கும் அளக்கப்பட்டிருக்கிறது. பிளாட்டினத்தின் வேகத்தை 1 என்று கொண்டால் பல்லேடியத்துக்கு அது சுமார் 1 இலட்சம். நிக்கலுக்குச் சுமார் 50 இலட்சம்.

பிளாட்டினம்: இறுகப் பற்றும் உலோகம்

பிளாட்டினம் மெதுவாக வினைபுரிவதால் அதன் இடைநிலைச் சேர்மங்களைத் தனியே பிரித்தெடுத்துப் பார்க்க முடிகிறது. 1820களில் டென்மார்க் வேதியியலாளர் வில்லியம் கிறிஸ்டோபர் சைசே பிளாட்டினக் குளோரைடிலிருந்து மஞ்சள் நிற உப்பு ஒன்றைப் பெற்றார். எத்திலீன் மூலக்கூறு ஒன்று தன் இரட்டைப் பிணைப்பின் வழியே பிளாட்டினத்தோடு இணைந்திருக்கும் சேர்மம் அது. அந்தப் பிணைப்பு எத்தகையது என்ற விளக்கம் கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆனது.

இரட்டைப் பிணைப்பைப் பற்றும் இதே இயல்புதான் சிலிகோனை இறுகச் செய்யும் ஒரு முறைக்கு அடித்தளம். ஒரு பாகத்தில் வினைல் தொகுதிகளும், மற்றொன்றில் சிலிக்கன்–ஹைட்ரஜன் பிணைப்புகளும் கொண்ட இரண்டு திரவங்கள் கலக்கப்படும். பிளாட்டினம் இரண்டையும் பற்றி இணைக்க, திரவம் இறுகி ஒளி ஊடுருவும் ரப்பர் ஆகிறது. உயர்திறன் எல்.இ.டி.களின் சில்லைப் பெரும்பாலும் இத்தகைய சிலிகோன்தான் மூடியிருக்கும். 1973இல் காப்புரிமை பெற்ற கார்ஸ்டெட் வினையூக்கி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. பத்து இலட்சத்தில் சில பங்கு பிளாட்டினமே போதும். ஆனால் கந்தகம் பிளாட்டினத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய இயற்கை ரப்பர்க் கையுறை பட்ட இடத்தில் சிலிகோன் இறுகாமல் பிசுபிசுப்பாக நின்றுவிடுவது அதனால்தான்.

பல்லேடியம்: நடுவழி

பிளாட்டினத்தின் இறுக்கமும் நிக்கலின் அவசரமும் இல்லாதது பல்லேடியம். அது 0, +2 என்ற இரு நிலைகளுக்கிடையே இலகுவாகச் சென்று திரும்புகிறது. பாஸ்பீன் ஈனிகள் தாங்கும் பல்லேடியம்(0), கார்பன்–புரோமின் பிணைப்பின் நடுவே நுழைந்து +2 ஆகிறது. போரான் சேர்மத்திலிருந்து இரண்டாவது கார்பன் தொகுதி வந்து உலோகத்தில் ஏறுகிறது. அருகருகே வந்த இரு கார்பன்களும் பிணைந்து வெளியேற, பல்லேடியம் மீண்டும் 0 நிலைக்கு வந்து அடுத்த சுற்றைத் தொடங்குகிறது. 1979இல் வெளியான சுசுகி–மியாவுரா வினை இது. இவ்வகை இணைப்பு வினைகளுக்காக ரிச்சர்ட் ஹெக், எய்இச்சி நெகிஷி, அகிரா சுசுகி மூவரும் 2010இல் நோபல் பரிசு பெற்றனர்.

இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் லொசார்டான் மூலக்கூறில் இரண்டு பென்சீன் வளையங்கள் நேரடியாக இணைந்துள்ளன. தொழிற்சாலையில் அவற்றை இணைக்கச் சுசுகி வினை பயன்பட்டது. இவ்வாறு தயாராகும் மருந்துகளில் உலோகம் தங்கிவிடக் கூடாது. வாய்வழி மருந்துகளில் பல்லேடியத்துக்குப் பன்னாட்டு வழிகாட்டு நெறி அனுமதிக்கும் அளவு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம்.

மின்சுற்றுப் பலகையில் பல்லேடியத்தின் பணி வேறு. துளையிட்ட பலகையின் துளைச்சுவர் மின்கடத்தாப் பொருள்; அதில் செம்பு தானாகப் படியாது. வெள்ளீயமும் பல்லேடியமும் கலந்த கூழ்மத்தில் பலகையை நனைத்தால் சுவரில் பல்லேடியத் துகள்கள் ஒட்டும். அடுத்த தொட்டியில் அத்துகள்களின் மேல்தான் செம்பு படியத் தொடங்கும்.

நிக்கல்: வேகமும் சிக்கலும்

செம்பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள். அவற்றில் ஒலியிக் அமிலமே அதிகம். அதை ஸ்டியரிக் அமிலமாக்க, நுண்ணிய நிக்கல் தூளின் முன்னிலையில் அழுத்தமான ஹைட்ரஜன் செலுத்தப்படுகிறது. இவ்வழியைத் திறந்த பால் சபாட்டியே 1912இல் நோபல் பரிசு பெற்றார். எண்ணெய்க்கு அதைப் பயன்படுத்தியவர் வில்ஹெல்ம் நோர்மன். கந்தகம் இங்கும் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்வதால் மூலப்பொருள் முன்கூட்டியே சுத்திகரிக்கப்படுகிறது. ஆலையில் வினை நடப்பது நிக்கலின் மேற்பரப்பில். கரைசலிலுள்ள அணைவில் அது ஒற்றை நிக்கல் அணுவில் நடக்கிறது.

1890இல் லுட்விக் மோண்ட் குழுவினர் நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து எளிதில் ஆவியாகும் நச்சுத் திரவ அணைவாவதைக் கண்டனர். சூடேற்றினால் அது சிதைந்து தூய நிக்கலைத் தரும். 1950களின் தொடக்கத்தில் கார்ல் சீக்லரின் ஆய்வகத்தில் நிக்கலின் சிறு மாசு எத்திலீனை நீண்ட சங்கிலியாக வளரவிடாமல் பியூட்டீனோடு நிறுத்திவிட்டது. அதன் காரணத்தைத் தேடி மற்ற உலோகங்களைச் சோதித்தபோதுதான் பாலிஎத்திலீன் தரும் டைட்டேனிய வினையூக்கி கிடைத்தது. பின்னர் வில்ஹெல்ம் கைம் பாஸ்பரசும் ஆக்சிஜனும் கொண்ட ஈனியை நிக்கலோடு பொருத்தி, எத்திலீன் சங்கிலியின் நீளத்தைக் கட்டுப்படுத்தினார். ஷெல் நிறுவனம் அதைப் பெருந்தொழிலாக்கியது.

நிக்கல் +1, +3 நிலைகளையும் ஏற்று ஒற்றை எலக்ட்ரான் படிகளில் நகரும். பல்லேடியம் எளிதில் பிளக்காத கார்பன்–குளோரின், கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகளையும் அது பிளக்கிறது. ஒரு கிலோ பல்லேடியத்தின் விலையில் ஒரு டன்னுக்கும் மேல் நிக்கல் வாங்கலாம். இருந்தும் நிக்கல் பல்லேடியத்தின் இடத்தை முழுமையாகப் பிடிக்கவில்லை. நிக்கல்(0) அணைவுகள் பல காற்றுப் பட்டதும் கெடுகின்றன. ஒற்றை எலக்ட்ரான் படிகள் பக்க வினைகளுக்கு இடம்கொடுக்கின்றன. வினையூக்கியும் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. காற்றில் நிலைத்து, வினைக்கலனுக்குள் மட்டும் செயல்படத் தொடங்கும் நிக்கல் அணைவுகளை உருவாக்குவதே இத்துறையின் இன்றைய முக்கியப் பணிகளில் ஒன்று.

(தொடரும்)