பாரிஸில் ஒரு பகலுணவு

பாரிஸ் உணவுச்சாலை என்றதும் பட்டுத் திரையும் வெள்ளிக் கரண்டியும் நம் மனக்கண்முன் தோன்றும். சிக்கனமாய்ப் பணம் சேர்த்துச் செல்லும் மாணவன் 'பிஸ்ட்ரோ'வில் அவற்றைத் தேடினால் ஏமாறுவான்.

1896ஆம் ஆண்டு தொடங்கிய 'பூயோன் சார்த்தியே' என்னும் சாலையையே பாருங்கள். 'பூயோன்' என்றால் இறைச்சி ரசம். உழைப்பாளிகளுக்கு மலிவாகச் சூடான உணவு கொடுக்கவே இவ்வகைச் சாலைகள் எழுந்தன. இங்கே அறிமுகமில்லாதவர் பக்கத்திலும் நம்மை அமர்த்திவிடுவர். இடையில் வெண்துணி கட்டிய பரிசாரகர் விரைந்து வந்து, மேசையில் விரித்த காகிதத்திலேயே கணக்கை எழுதிக் கூட்டுகிறார். உபசார மொழிக்கு அவருக்கு நேரமில்லை.

முதலில் வருவது, அவித்த முட்டையும் அதன்மேல் 'மயொனேஸ்' குழம்பும். "இதற்காகவா வந்தோம்?" என்று மிளகாய்க்குப் பழகிய நம் நாக்கு முணுமுணுக்கும், அதில் நியாயமும் உண்டு.

ஆயினும், சிவந்த திராட்சை மதுவில் மணிக்கணக்காக வெந்த மாட்டிறைச்சி வரும்போது கதை மாறுகிறது. மலிவான, கடினமான துண்டுகளே அடுப்பின் பொறுமையால் மெழுகாய்க் குழைந்துவிடுகின்றன. அதை உண்ணாதோர்க்குக் கோழியுண்டு. பாணுக்குத் தனிவிலை இல்லை. தட்டில் எஞ்சிய குழம்பை அதனால் துடைத்து உண்பவரை அங்கே எவரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை.