நுரையீரலில் இரு கிருமிகள்

நோய் இன்னதெனத் தெளிந்து, அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவஞ் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த முறை. அதன் அருமையைக் காசநோய் நன்கு விளக்கும்.

காசநோய்க் கிருமியை 1882 ஆம் ஆண்டில் றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் கண்டறிந்தார். மைக்கோபற்றீரியம் என்னும் பேரினத்தில் அஃது ஒன்றே. அப்பேரினத்தைச் சேர்ந்த வேறு பல கிருமிகள் மண்ணிலும் நீரிலும் வாழ்கின்றன. நலமுடையாரை அவை பெரும்பாலும் வருத்துவதில்லை. முன்னரே பழுதுற்ற நுரையீரலிற் குடிபுகுந்தால், நாட்பட்ட இருமலையும் மெலிவையும் விளைக்கும்.

சளியைச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் நோக்கின், இருவகைக் கிருமிகளும் செந்நிறக் கோல்களாகவே தோன்றும். வளர்ப்பூடகத்தில் வளர்த்தோ மரபணுவைச் சோதித்தோதான் வேறுபாடு துணியப்படும். இரண்டும் ஒருங்கே இருப்பின், விரைந்து வளர்வது மற்றதை மறைத்தலும் உண்டு.

இவை ஒருவரிடத்தே கூடுவது எங்ஙனம்? காசநோய் ஆறிய பின்னரும் நுரையீரலில் வடுக்களும் குழிகளும் எஞ்சுகின்றன. அவை பிற கிருமிகளுக்கு உறைவிடமாகின்றன. மறுதலையாக, பிற கிருமியால் நலிந்தவர், காசம் மலிந்த சூழலில் அதனையும் பெறலாம்.

இக்கிருமிகளின் செல்வாக்கு நோயாளரோடு அமைவதன்று. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில், அத்தடுப்பூசி வளர்ந்தோரின் நுரையீரற் காசத்தைத் தடுக்கவில்லை எனக் கண்டனர். அந்நிலத்து மண்ணிலும் நீரிலுமுள்ள கிருமிகளோடு மக்கள் முன்னரே கொண்ட தொடர்பு ஒரு காரணமாகலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. எனினும், குழந்தைகளைக் கொடிய காசவகைகளினின்று காப்பதால் அவ்வூசி இன்றும் இடப்படுகின்றது.

மருந்துக்கு வசப்படும் காசத்துக்குப் பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை போதும். ஏவியம் என்னும் கிருமிக்கூட்டத்துக்கோ, சளி தூய்மையுற்ற பின்னரும் ஓராண்டு மருந்து வேண்டும். றிபாம்பிசினும் எதம்பியூற்றோலும் இரண்டற்கும் பொது. ஐசோனியசிட்டு காசத்துக்கும், அசித்திரோமைசின் ஏவியத்துக்கும் சிறப்பாக உரியன. பிற கிருமியைக் காசமென மயங்கின், மருந்துண்டும் சளியிற் கோல்கள் நீங்காமை கண்டு, மருந்துக்கு அடங்காக் காசமெனப் பிழைபடக் கொள்ள நேரும். காசத்தைப் பிறிதென விட்டாலோ, அது காற்றின் வழியே இல்லத்தாரையும் பற்றும். பிற கிருமிகள் பெரும்பாலும் அங்ஙனம் தொற்றுவதில்லை. ஆதலின் இரண்டும் உளவாயின், காசத்தை அடக்குதலே முதற்கடன்.

புசல்லாவைத் தோட்டத்து லயன்களில், ஓரறையிற் பலர் உறங்கும் இல்லங்கள் இன்றும் உள. அங்கே இரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைக் குளிரின்மேற் பழிபோட்டு இருத்தல் தகாது. அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களிற் காசநோய்ச் சோதனையும் மருந்தும் இலவசம். முன்பு காசநோயுற்றுத் தேறியவர் மீண்டும் இருமின், பழைய நோயே எனத் தாமே முடிவுசெய்யாது, சளியை வளர்த்துச் சோதிக்குமாறு கேட்டல் நன்று.