ரிசர்வ் பாங்கியிடம் கணக்குக் கேட்பவர் யார்?

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பொது மகாசபைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். தணிக்கை அறிக்கை படித்து முடிந்ததும், தறியிலேயே தலை நரைத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "எங்கள் கணக்கைப் பார்க்க நீங்கள் வருகிறீர்கள், ஐயா! ரிசர்வ் பாங்கியின் கணக்கைப் பார்க்க யார் போகிறார்கள்?" என்று வினவினார். சபையில் சிரிப்பு எழுந்தது. நாம் சிரிக்கவில்லை, சங்கங்களுக்கு வரும் கடனின் வட்டி விகிதம் அந்தப் பாங்கியின் முடிவுகளையொட்டியே ஏறி இறங்குகிறதன்றோ?

1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1935 ஏப்ரல் 1-ஆம் நாள் ரிசர்வ் பாங்கி தன் வேலையைத் தொடங்கியது. அன்று அது பங்குதாரர்களின் ஸ்தாபனம். மூலதனம் 5 கோடி ரூபாய். 1949 ஜனவரி 1-ஆம் நாள் தேசியமயமானபின் பங்குகள் முழுவதும் மத்திய சர்க்காரைச் சேர்ந்தன. மூலதனம் இன்றும் அதே 5 கோடிதான். ஆகவே நம் சங்கங்களுக்கு உள்ளதுபோன்ற மகாசபை அதற்கு இல்லை. பஞ்சாயத்தார் இருக்கின்றனர், தேர்தல் இல்லை.

அப்பஞ்சாயத்தாரே மத்திய டைரக்டர் போர்டு. கவர்னர், நால்வருக்கு மேற்படாத துணைக் கவர்னர்கள், சர்க்கார் நியமிக்கும் பதின்மர், நான்கு வட்டார போர்டுகளிலிருந்து ஒவ்வொருவர், சர்க்கார் அதிகாரிகள் இருவர் ஆகியோர் அதில் அமர்வர். துணைக் கவர்னர்களும் அதிகாரிகளும் பேசலாம்; பொதுவாக வாக்களிக்க இயலாது. ஆண்டில் ஆறு முறையேனும் கூடவேண்டும். இரண்டுக்குக் குறையாத தணிக்கையாளர்களைச் சர்க்காரே நியமிக்கிறது. வேண்டுமெனில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியையும் ஏவலாம். வாரந்தோறும் கணக்குப் பட்டியல் வெளியாகிறது. ஒதுக்குகள் போக மிஞ்சிய இலாபம் சர்க்காருக்குச் சேரும். 2024-25-ஆம் ஆண்டிற்கு அது 2,68,590 கோடி ரூபாய்.

எனினும், கணக்கைப் பார்ப்பது ஒன்று, கட்டளையிடுவது வேறு. சட்டத்தின் 7-ஆம் பிரிவு, கவர்னரைக் கலந்தபின், பொதுநலங்கருதிப் பாங்கிக்குக் கட்டளையிடச் சர்க்காருக்கு அதிகாரம் அளிக்கிறது. இதன் எல்லை எது என்பது பழைய வழக்கு. 1956-ஆம் ஆண்டில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி உண்டியல்கள்மீது முத்திரைத் தீர்வையை உயர்த்தினார். அது பாங்கி தன் வட்டி விகிதத்தை உயர்த்துவதற்கு ஒப்பானது என்று கவர்னர் பெனகல் ராமராவ் ஆட்சேபித்தார். பாங்கி நிதி இலாகாவின் ஒரு பகுதியே என்பது மந்திரியின் கட்சி. பிரதமர் நேரு மந்திரியின் பக்கம் நின்றார். 1957 ஜனவரியில் ராமராவ் பதவி துறந்தார். மந்திரியின் அதிகாரத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் செலவழிப்பவரும் நாணயத்தின் மதிப்பைக் காப்பவரும் ஒருவராயிருத்தல் நன்றன்று என்பதை, காரியதரிசியே பொக்கிஷதாராகவும் இருந்து நொடித்த ஒரு சங்கத்தின் ஏடுகளிலேயே கண்டிருக்கிறோம்.

2016-ஆம் ஆண்டுத் திருத்தம் ஓரளவு வரம்பு கட்டியது. அடிப்படை வட்டியை இப்போது அறுவர் குழு ஒன்று தீர்மானிக்கிறது: பாங்கியினர் மூவர், சர்க்கார் நியமிப்பவர் மூவர். வாக்கு சமமானால் கவர்னர் மற்றொரு வாக்கு அளிப்பார். விலைவாசி உயர்வின் இலக்கைப் பாங்கியைக் கலந்து சர்க்கார் குறிக்கிறது. அது நூற்றுக்கு 4, இருபுறமும் 2 வரை விலகலாம். தொடர்ந்து மூன்று காலாண்டுகள் தவறினால், காரணமும் பரிகாரமும் கூறிச் சர்க்காருக்கு அறிக்கை எழுதவேண்டும். 2022-ஆம் ஆண்டில் முதன்முறையாக அவ்வாறு எழுத நேர்ந்தது.

நம் அங்கத்தினர்கள் அறியவேண்டிய பிரிவு இன்னும் ஒன்றுண்டு. வட்டார போர்டு ஒவ்வொன்றிலும் ஐவர். அவர்களையும் சர்க்காரே நியமிக்கிறது. அவர்கள் பிரதேச, பொருளாதார நலன்களுக்கும், கூட்டுறவுப் பாங்கிகள், சுதேசி லேவாதேவிக்காரர்கள் ஆகியோரின் நலன்களுக்கும், 'கூடியவரை' பிரதிநிதிகளாக இருக்கவேண்டும் என்கிறது 9-ஆம் பிரிவு. 'கூடியவரை' என்பது வழுக்கும் சொல்தான். தென் வட்டாரத்திற்கான போர்டு சென்னைக்கு உரியது. இதனைப் பின்னர் அப்பெரியவரிடம் கூறியபோது, "அந்த ஐவரில் கூட்டுறவுக்காரர் எத்தனை பேர்?" என்று உடனே கேட்டார். அவ்வினாவைத் தீர்மானமாகவே எழுதி அனுப்ப அச்சங்கத்தின் பஞ்சாயத்தார் இசைந்திருக்கின்றனர்.