சோடா பாட்டிலுக்குள் கோலி எதற்கு? தக்கையை ஓட வைத்த கதை!

காஞ்சீபுரம்:

காஞ்சீபுரத்தில் வெயில் மண்டையை பிளந்தால், கோவிலுக்கு வரும் பக்தர்களும் சரி, தறியை விட்டு எழுந்து வரும் நெசவாளர்களும் சரி, தேடுவது சில்லுனு ஒரு சோடாவைத்தான். 'டப்' என்று உடைத்து குடிக்கிறோமே, அந்த கோலி எதற்கு தெரியுமா?

தக்கையால் தலைவலி

அந்த காலத்தில் சோடாவை மரத்தக்கை வைத்துதான் அடைத்தார்கள். தக்கை காய்ந்தால் சுருங்கி விடும், கேஸ் போய்விடும். அதனால் பாட்டிலை படுக்க வைத்தார்கள். ஒயின் பாட்டிலை படுக்க வைப்பதும் இதற்காகத்தான்.

இதற்கு 1872-ல் வழி கண்டுபிடித்தவர் இங்கிலாந்தை சேர்ந்த ஹைரம் காட். பாட்டிலின் வாய்ப்பகுதியை முடிக்கும் முன்பே கோலியை உள்ளே போட்டு விடுவார்கள். கழுத்தில் ரப்பர் வளையம் இருக்கும். பாட்டிலை தலைகீழாக வைத்து கேஸ் ஏற்றினால், கோலி வளையத்தில் போய் உட்காரும். உள்ளே இருக்கும் கேஸே அதை அழுத்தி பிடித்துக்கொள்ளும். தக்கையும் வேண்டாம், மூடியும் வேண்டாம்.

மூடி வந்தது

1892-ல் அமெரிக்காவின் வில்லியம் பெயின்டர் பல் வைத்த தகர மூடியை கொண்டு வந்தார். அது மலிவு, வேலையும் சுலபம். கோலி பாட்டில் ஒவ்வொரு நாடாக மறைந்தது. ஜப்பானிலும் நம்ம ஊரிலும் தப்பி பிழைத்தது.

ஒயினிலும் இப்போது இதே சண்டைதான். தக்கையால் சில பாட்டில்களில் பூஞ்சை வாடை அடிக்கிறது என்று நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் திருகு மூடிக்கு மாறி விட்டனர். நம் நாட்டில் நாசிக்கின் சுலா ஒயினுக்கும் திருகு மூடிதான்.

பாட்டிலை திருப்பி கொடுங்க

கோலி சோடா போடுபவர்களுக்கு பாட்டில்தான் முதல். காலி பாட்டில் திரும்பி வந்தால்தான் மறுநாள் வியாபாரம். உடைந்தால் அவர் கைக்காசு போச்சு.

குடிப்பவர்களும் கவனிக்க வேண்டும். கீறல் விழுந்த பாட்டில் கேஸ் வேகத்தில் வெடிக்கலாம். உடைக்கும்போது முகத்தை தள்ளி வைத்துக்கொள்ளுங்க. கழுத்தில் உள்ள பள்ளம் கீழ்ப்பக்கம் இருக்கும்படி சாய்த்தால் கோலி அதில் தங்கி நிற்கும், சோடா தடையில்லாமல் வரும்.

2025-ல் இந்திய கோலி சோடா அமெரிக்கா, வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதி ஆவதாக மத்திய அரசு அறிவித்தது. தெருமுனை சோடா இப்போ கப்பல் ஏறிடுச்சு!